ஏழாம் நம்பர் மலை முழுவதும் தெரிந்தது என்று நான் இட்ட கையெழுத்தை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முத்தையா கந்தப்பன் (வயது 71),
ஓய்வுபெற்ற கான்வெட்டுத் தொழிலாளி,
இல. 9, பள்ளத்து லயம், கீழ்ப்பிரிவு,
பிராக்மோர் தோட்டம்,
லிந்துலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: ‘மலைக்கண்’ கண்ணாடி பற்றிய பரிசோதனை அறிக்கையிலிருந்து என் கையெழுத்தை நீக்குதல், ஏழாம் நம்பர் மலையைத் திறக்காதிருத்தல், பள்ளத்து லயத்துச் சிவப்பு அறிவித்தலை மீண்டும் ஒட்டுதல் தொடர்பானது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தோட்டத்தில் மலைச்சரிவில் மழைத்தண்ணீர் வடியும் கான்களை முப்பத்தெட்டு வருடங்கள் வெட்டிய நான், சென்ற வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகுதான் எழுதப் படிக்கத் தொடங்கினேன். கோயில் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் முதியோர் வகுப்பு நடத்தும் ஆசிரியை செல்வி ஜெகதீஸ்வரி எனக்குக் கற்பித்தார். இந்த மனுவை என் கையால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கை ஓடாததால் ஒன்பது நாட்கள் ஆகியிருக்கின்றன. ஆசிரியை எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். சொல் எதையும் சேர்க்கவில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், தங்கள் மேசைக்கு என் கையெழுத்து ஒன்று ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது. அது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. அதனால் அறுபத்தொரு பேரின் உயிருக்கு ஆபத்து என்று பயந்து இதை எழுதுகிறேன்.

2. ஓர் அரச அதிகாரிக்கு நானே கடிதம் எழுதுவேன் என்று எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. மேலே தங்கள் பதவியை எழுதி முடித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு வரியையும் நாலைந்து தடவை வாசித்தேன். இந்த மனுவுக்கு இது தேவையா என்று தாங்கள் கேட்கலாம். தேவை. ஏனென்றால் நான் செய்த தவறுக்கு இதே சந்தோஷம்தான் காரணம். அதைக் கீழே ஐந்தாம் பந்தியில் சொல்கிறேன்.

3. ஏழாம் நம்பர் மலை பள்ளத்து லயத்தின் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பதினான்கு வீடுகளில், அறுபத்தொரு பேர் இருக்கிறோம். சென்ற வருடக் கார்த்திகை மழையில், மலையின் மூன்றாவது கானுக்கு மேலே நிலம் வெடித்தது. அன்று வெடிப்புக்குள் என் இரண்டு விரல்கள் நுழைந்தன. மண்ணைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தர்கள் வந்து பார்த்துச் சொன்னதன் பேரில், தங்கள் அலுவலகம் எங்கள் லயத்துச் சுவரில் சிவப்பு அறிவித்தல் ஒட்டியது. அந்த மலையில் வேலை நடக்கக் கூடாது. மழை நாட்களில் லயத்தார் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். வேறு இடத்தில் வீடு கிடைக்கும்வரை இதுதான் ஒழுங்கு. பாயையும் சட்டியையும் சுமந்துகொண்டு ஏறி இறங்குவது சிரமமாக இருந்தது. முணுமுணுத்தோம், ஆனாலும் போனோம். வகுப்புக்கு வெளியே நான் முதன்முதலில் தனியாக வாசித்த சொல் அந்த அறிவித்தலில் இருந்த ‘அபாயம்’ என்ற சொல். வாசித்துவிட்டு, சுவர் முன்னால் நின்று சிரித்தேன். பக்கத்து வீட்டு ஆண்டியப்பன், “என்னாண்ணே, அபாயமுனு போட்டுருக்கு, கல்யாணப் பத்திரிகைய பார்த்தமாதிரி சிரிக்கிறீங்க” என்று கேட்டான்.

4. சித்திரை மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு கம்பனியார் தோட்டத்துக்கு வந்தார்கள். மலையில் அங்கங்கே இரும்பு முளைகளை அடித்தார்கள். மண் அசைந்தால் அந்த முளைகளுக்குத் தெரியும். ‘மலைக்கண்’ என்ற கண்ணாடியை அணிந்தவருக்கு, அசைந்த இடத்தின் மீதே சிவப்புக் கோடும் எழுத்தும் தோன்றும். கண்ணாடி வழியாக மலையும் தெரியும், மலையின் மேல் எழுத்தும் தெரியும். இது இருந்தால் மலையை மூட வேண்டியதில்லை, லயத்தாரும் ஒவ்வொரு மழைக்கும் வெளியேற வேண்டியதில்லை என்று தோட்ட நிர்வாகம் கூறியது.

அதை விளக்கக் கோயில் மண்டபத்துச் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் ஒரு பெண் கண்ணாடி அணிந்து தேயிலைக்கு நடுவே நின்றாள். அவளைச் சுற்றி மலை முழுவதும் கோடுகள் எழுந்தன. தலைக்கு மேலே வெடிப்புகள் சிவப்பாக ஓடின. காலடியில் பாதை பச்சையாக விரிந்தது. இரண்டு பக்கமும் அம்புகள் வழி காட்டின. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் நிறையக் குறிகள் இருந்தன. எங்கள் லயத்துப் பிரேமினி பின்வரிசையிலிருந்து, “அந்த அக்காவுக்குக் கூடை தோள்ல தொங்குது பாருங்க, தலைல கயிறே காணோம். கொழுந்து ஒண்ணாச்சும் கிள்ளுச்சா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு எல்லோரும் கைதட்டினோம். நான் மற்றவர்களைவிட அதிக நேரம் தட்டினேன். பிரேமினி சொன்னதை அப்போதே யோசித்திருந்தால் இந்த மனு தேவைப்பட்டிருக்காது.

5. மே மாதம் 21ஆம் திகதி காலை, பெரட்டுக் களத்தில் பரிசோதனை நடந்தது. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த இடத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஏழாம் நம்பர் மலை அந்தப் பக்கம், அரை மைல் தூரத்தில் நிற்கிறது. எங்கள் பிரிவின் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு திரு. விஜிதரன், “கைநாட்டு வேணாம், கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க அஞ்சு பேரு வாங்க” என்றார். நான் ஓய்வுபெற்றவன் என்பதால் ஓரமாக நின்றேன். “கந்தப்பண்ணே, நீங்களும்தான் இப்பப் படிச்சவராச்சே, வாங்க” என்று அவரே கூப்பிட்டார். அந்த வார்த்தைக்காக நான் அன்று எங்கே வேண்டுமானாலும் போயிருப்பேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று பார்த்தேன். ஆற்றுக்கு அப்பால் மலை முழுவதும் தெரிந்தது. வெடிப்பின் மேல் ஒரு சிவப்புக் கோடு கிடந்தது. அதன் கீழே, ஆகாயத்தில் தொங்குவது போல், ‘அபாயம்’ என்று எழுதியிருந்தது. ஐயா, நான் கான் வெட்டிய மலை அது. அந்த மலையின் மேலேயே எழுத்து இருந்தது, அதை நான் வாசித்தேன். உரக்க வாசித்தேன். களத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். “இனி பெரியப்பா துரைக்கே கடுதாசி போடுவாரு” என்று பிரேமினி கத்தினாள்.

“மலை முழுசும் தெரியுதா? டக்குனு சொல்லுங்க, நேரம் போவுது” என்று கண்டாக்கு கேட்டார். “தெரியுதுங்க” என்றேன். மற்ற நான்கு பேரும் அதையே சொன்னார்கள். அது பொய்யல்ல. அரை மைல் தூரத்தில் நின்றால் மலை முழுவதும் அந்தக் கண்ணாடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இன்னொன்றையும் தங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரட்டில் நாங்கள் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகியவர்கள் அல்ல. அங்கே கேட்ட கேள்விக்கு ஆமாம் சொன்னால்தான் அன்றைக்கு வேலை. என் தகப்பனார் அப்படித்தான் நின்றார், நான் அப்படித்தான் நின்றேன். எனவே மங்கலாகத் தெரிந்திருந்தாலும் தெரிகிறது என்றே சொல்லியிருப்போம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த இடம் அதுவல்ல.

பிறகு தாளில் கையெழுத்திட்டோம். ‘ஏழாம் நம்பர் மலை முழுவதிலும் அபாயக் குறிகள் தெளிவாகத் தெரிந்தன’ என்று அதில் இருந்தது. கண்டாக்கு அவசரப்படுத்தியும், நான் ஒவ்வொரு சொல்லாக வாசித்த பிறகே கையெழுத்திட்டேன். பெருவிரலில் மை படாமல் நான் கொடுத்த முதல் சாட்சி அது. எங்கே நின்று பார்த்தோம் என்று அந்தத் தாளில் இல்லை. அது இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. எழுதியிருப்பதை வாசிக்கத்தான் எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

6. ஜூன் 3ஆம் திகதி, தங்கள் அலுவலகத்திடம் ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி பெற்று, ஆறு பெண்களை ஏழாம் நம்பர் மலைக்குள் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். மூவருக்குக் கண்ணாடி கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒருத்தி என் மகள் ராசம்மா. அவளுக்கு நாற்பத்தாறு வயது, பத்தொன்பது வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய வீட்டில்தான் நான் இருக்கிறேன்.

காலை பத்து மணியளவில், மூன்றாவது கானின் ஓரத்தில் அவளுடைய இடது கால் தொடைவரை உள்ளே போனது. கானின் கரை அடியில் கரைந்து, மேலே புல் மட்டும் மூடியிருந்தது. பக்கத்து நிரையில் நின்றவர்கள் கூடையைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கினார்கள். முழங்கால் வீங்கி நான்கு நாட்கள் வேலைக்குப் போகவில்லை.

கால் போனதைவிட, அதன் பிறகு நடந்ததுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்த இடத்தில் கண்ணாடி எச்சரித்ததா என்று நான் கேட்டபோது, கம்பனியின் பதிவைத் திறந்து காட்டினார்கள். 9.52 மணிக்கு அந்தக் கான்கரையின் மேல் சிவப்புக் குறி போடப்பட்டிருந்தது. ‘காட்டப்பட்டது’ என்று எழுதியிருந்தது. அதையும் நானே வாசித்தேன். “காட்டிருக்கு. ஒங்க மக பாக்கல. அதுக்கு யாரு என்ன பண்றது?” என்று கண்டாக்கு சொன்னார். ராசம்மா பார்த்திருக்கவே முடியாது என்பதை அன்று என்னால் விளக்க முடியவில்லை. இப்போது விளக்குகிறேன்.

7. மறுநாள் நான் கம்பனியின் உத்தியோகத்தர் திரு. கோபிசங்கரிடம் போய், கண்ணாடியை எனக்கும் ஒரு தடவை மலைக்குள் தரும்படி கேட்டேன். அவர் மரியாதையான பிள்ளை. என்னைத் தனியே விடாமல் கூடவே வந்தார். மலையின் கீழ் விளிம்பில், மூன்று நிரை மட்டும் உள்ளே போய், அசையாமல் நின்று பார்த்தேன்.

கண்ணாடிக்குள் கோடும் எழுத்தும் தோன்றுவது ஒரு சிறு சட்டத்துக்குள் மட்டும்தான். அந்தச் சட்டத்தை நான் அளந்தேன். கையை நேரே நீட்டிப் பிடித்தால், அகலம் ஒன்றரைச் சாண், உயரம் முக்கால் சாண். அதற்கு வெளியே கண்ணாடி இருக்கிறது, ஆனால் குறி இல்லை. வெறும் தேயிலை, வெறும் மண், வெறும் வானம். சட்டத்துக்குக் கரையும் கிடையாது. ஆகையால் குறி எங்கே முடிகிறது என்பதே அணிந்தவருக்குத் தெரியாது. மூன்று எட்டு வைக்கும் தூரத்தில் இருக்கும் தேயிலையைப் பார்த்தால், ஒன்றரைச் செடிதான் சட்டத்துக்குள் வருகிறது. பெரட்டுக் களத்தில் மலை முழுவதையும் எனக்குக் காட்டிய அதே கண்ணாடி, மலைக்குள் போனதும் ஒன்றரைச் செடியைக் காட்டியது. கண்ணாடி மாறவில்லை. நான் நின்ற இடம்தான் மாறியிருந்தது.

“மண்டபத்துல காட்டுன படத்துல அப்படி இல்லையே தம்பி” என்றேன். அவர் என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கி மடித்தார். பிறகு, “ஐயா, அந்தப் படம் கண்ணாடிக்குள்ளால எடுத்ததில்லை. வெளியால கமராவில எடுத்துப்போட்டு, பிறகு கம்பியூட்டரில அந்தக் கோடுகளைக் கீறினது. எல்லாக் கம்பனியும் அப்பிடித்தான் செய்யிறது” என்றார். இதை நான் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ. நான் சொல்லி மேல இருக்கிற ஆக்கள் கேக்கேல்லை” என்றார். எனவே அவருடைய பெயரைப் போட்டிருக்கிறேன். அவருக்கு இதனால் தீங்கு வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. இனி கொழுந்து பறிக்கும் முறை. இது தங்களுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. கம்பனிக்கும் தெரிந்திருக்கவில்லை.

கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே, தலையில் மாட்டியிருக்கும். பாரம் முழுவதையும் தலையே தாங்குகிறது. கூடை நிறைய நிறையத் தலை முன்னால் குனியும். கண் கையைப் பார்க்கும், கை செடியின் மேல் ஓடும். கண்ணாடியின் பட்டையும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. பத்துக் கிலோ சேர்ந்ததும் கயிறு பட்டையை அழுத்த, கண்ணாடி மூக்கில் இறங்கி, சட்டம் நெஞ்சுக்கு நேரே போய்விடுகிறது. வெடிப்பு இருப்பது தலைக்கு மேலே. கான்கரை இருப்பது காலுக்குக் கீழே, செடிக்கு மறைவில். இந்த இரண்டுமே சட்டத்துக்குள் வருவதில்லை. வருவது அவளுடைய சொந்தக் கையும் ஒன்றரைச் செடியும். ராசம்மா இதைச் சுருக்கமாகச் சொன்னாள்: “குனிஞ்சா கொழுந்து தெரியுதுப்பா, நிமிந்தா கோடு தெரியுது. நிமிந்து நின்னா யாரு கிலோ போடுவா?”

9. ஒரு கருவி முழுவதையும் காட்டாவிட்டால் என்ன, கொஞ்சம் காட்டினாலும் நல்லதுதானே என்று தாங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராசம்மாவிடம் ஒரு கேள்வி கேட்ட பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

ஆபத்தான மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சும்மா பறிப்பதில்லை. நாலு பிடிக்கு ஒரு தடவை மேலே பார்ப்பார்கள். கல் உருண்டால் காது கொடுப்பார்கள். ஒருத்தி பேச்சை நிறுத்தினால் மற்றவர்கள் ஏன் என்று பார்ப்பார்கள். இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பயம்தான் சொல்லிக் கொடுத்தது. “அன்னைக்குக் கண்ணாடி போட்டிருந்தப்ப எத்தன வாட்டி மேல பார்த்த?” என்று அவளிடம் கேட்டேன். அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. “ஒரு வாட்டிகூட இல்லப்பா. அதான் காட்டுமுல்லனு இருந்துட்டேன்” என்றாள்.

ஐயா, இதற்காகத்தான் பயப்படுகிறேன். கண்ணாடி இல்லாதவள் நாலு பக்கமும் பயந்துகொண்டு வேலை செய்வாள். கண்ணாடி போட்டவள், குறி இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்று நம்புவாள். அவளுடைய பயத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒன்றரைச் சாண் கொடுத்திருக்கிறார்கள். மலை சரிந்த பிறகு பதிவைத் திறந்து பார்த்தால், எல்லாமே ‘காட்டப்பட்டது’ என்றுதான் இருக்கும். செத்தவர்கள் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

10. இம்மாதம் 9ஆம் திகதி எங்கள் லயத்துச் சிவப்பு அறிவித்தலைத் தோட்டத்து ஆட்கள் கிழித்தார்கள். எங்கள் ஐந்து பேரின் கையெழுத்தோடு அறிக்கை தங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டது, இனி அறிவித்தல் தேவையில்லை என்றார்கள். தங்கள் உத்தரவு வந்ததா என்று கேட்டேன். வரும் என்றார்கள். 19ஆம் திகதி தங்கள் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும், 23ஆம் திகதி திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலை திறக்கப்படும் என்றும் சொன்னார்கள். தாள் இருந்த இடத்தில் பசையின் அடையாளம் மட்டும் இருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து மழை பெய்கிறது. அறிவித்தல் இல்லாததால் லயத்தில் பாதிப் பேர் பாடசாலை மண்டபத்துக்குப் போகவில்லை. போங்கள் என்று நான் வீடு வீடாகச் சொன்னேன். “நீங்கதானண்ணே கையெழுத்துப் போட்டீங்க, எல்லாம் தெரியுதுனு?” என்று ஆண்டியப்பன் கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

நேற்றுக் காலை குடையும் கம்புமாக மலையின் ஓரத்தில் ஏறி, வெடிப்பு ஓரத்துப் பாறையில் முடியும் இடத்தைப் பார்த்தேன். கார்த்திகையில் இரண்டு விரல் நுழைந்த இடத்தில் இப்போது என் கை மணிக்கட்டுவரை போகிறது. அதைவிட மோசமானது மூன்றாவது கான். மழை விட்டு ஒரு மணித்தியாலம் ஆன பிறகும் அதில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழை நின்றால் கானில் தண்ணீர் தெளிய வேண்டும். தெளியாவிட்டால், தண்ணீர் மேலிருந்து வரவில்லை, மலைக்கு உள்ளேயிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இதற்குக் கண்ணாடி தேவையில்லை. முப்பத்தெட்டு வருடம் அந்தக் கான்களில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.



11. நான் அந்தக் கருவிக்கு விரோதி அல்ல. அதற்குள் பார்த்த அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆசையாக இருக்கிறது. மண்ணில் அடித்த முளைகளும் நல்லவை, அவை ராசம்மாவின் கால் புதைவதற்கு முன்பே கரை கரைந்ததை அறிந்திருந்தன. அறிந்ததைச் சொன்ன விதம்தான் பிழை. அந்த முளைகளிலிருந்து ஒரு சங்கை ஊதச் செய்ய முடியுமா என்று திரு. கோபிசங்கரிடம் கேட்டேன். முடியும், கண்ணாடியைவிட அது சுலபம் என்றார். முன்பு பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்து ஆட்களை எழுப்புவார்கள். தூங்கியவனுக்கும் கேட்டது, குனிந்து அடுப்பு ஊதியவளுக்கும் கேட்டது, முதுகைக் காட்டி நின்றவனுக்கும் கேட்டது. சத்தத்தைக் கேட்பதற்கு யாரும் அதன் பக்கம் திரும்பி நிற்க வேண்டியதில்லை.

12. இந்த மனுவை எழுதலாமா என்று ராசம்மாவிடம் கேட்டேன். லயத்து வீடு அவளுடைய வேலையோடு சேர்ந்தது. எனக்கு அங்கே உரிமை எதுவும் கிடையாது. அன்றன்றைக்கு வேலை செய்ததற்குக் கிடைக்கும் பதிவை நாங்கள் ‘பேர்’ என்போம். “எழுதுனா எனக்குப் பேர் இல்லாமப் போயிரும்ப்பா. எழுதாட்டி நானே இல்லாமப் போயிருவேன். எழுதுங்க” என்றாள். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். தலை நிமிரவில்லை.

13. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) மேற்படி அறிக்கையிலிருந்து என் கையெழுத்தை நீக்க வேண்டும். அது பெரட்டுக் களத்தில் நின்று பார்த்ததற்கு மட்டுமே சாட்சி. மலைக்குள் வேலை செய்வதற்குச் சாட்சி அல்ல.

(ஆ) சிவப்பு அறிவித்தலை உடனே திரும்ப ஒட்ட வேண்டும். 19ஆம் திகதிவரை காத்திருக்க வேண்டாம். மழை காத்திருக்கவில்லை.

(இ) தாங்களோ தாங்கள் அனுப்பும் உத்தியோகத்தரோ வந்து அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் பெரட்டுக் களத்தில் வேண்டாம். நல்ல தரையுள்ள வேறு மலை எதிலாவது, பத்துக் கிலோக் கூடையைத் தலையில் மாட்டி, குனிந்து நின்று பார்க்க வேண்டும். பிரேமினி கூடையைக் கட்டிவிடுவாள். அதன் பிறகு ‘முழுவதும் தெரிகிறது’ என்று தாங்கள் கையெழுத்திட்டால், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

(ஈ) முளைகளைச் சங்கோடு இணைக்கும்படி உத்தரவிட வேண்டும்.

(உ) பதினான்கு குடும்பங்களுக்கும் சொன்னபடி வேறு இடம் தர வேண்டும்.

14. இந்த மனுவை நாளை திங்கட்கிழமை நானே பஸ்ஸில் கொண்டுவந்து தங்கள் அலுவலகத்தில் கொடுப்பேன். தபாலில் போட நம்பிக்கை இல்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒரு தாள் தந்தால் அதையும் வாசித்துப் பார்ப்பேன், இந்தத் தடவை அதில் எது இல்லை என்றும் பார்ப்பேன்.

23ஆம் திகதிக்கான ஆட்கள் பட்டியலை நேற்றுக் களத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மழைக்கு நனையாமல் மேலே தகரம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி அணிவோர் என்று ஆறு பெயர்கள் இருக்கின்றன. முதல் நிரை, வெடிப்புக்கு நேர் கீழே, முதல் பெயர் ராசம்மா. அந்தப் பெயரை எழுதத்தான் நான் வகுப்பில் முதலில் கற்றுக்கொண்டேன், என் பெயருக்கும் முன்னால். அது அந்தப் பலகையில் இருப்பதை வாசிக்க எனக்கு எழுத்துக்கூட்டத் தேவைப்படவில்லை.

அந்தப் பெயர் அங்கே இருப்பதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம். இந்தக் கையெழுத்தைக் கொண்டு அதைத் திரும்ப எடுக்க முயல்கிறேன். இரண்டும் ஒரே கை இட்டவைதான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் தங்களுக்குத் தெரியும். முதலாவது சந்தோஷத்தில் நேராக விழுந்திருக்கும். இது சற்றுக் கோணலாக இருந்தாலும், தயவுசெய்து இதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பதிலையும் வானத்தையும் பார்த்திருக்கும்,

மு. கந்தப்பன்
(கையெழுத்து)

இடம்: பள்ளத்து லயம், பிராக்மோர் தோட்டம், லிந்துலை
திகதி: 2025.06.15

இணைப்பு: கண்ணாடிக்குள் குறி தோன்றும் அளவுக்கு வெட்டிய கடதாசி ஒன்று. அகலம் ஒன்றரைச் சாண், உயரம் முக்கால் சாண். கையை நீட்டி அதை முகத்துக்கு நேரே பிடித்து, தங்கள் அறையில் அதற்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும்.